ஒரு கைக்கு ஒரு கத்தி



இந்த வாரத் தியானத்திற்கு முதலாம் சாமுவேல் 13ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை, 19ஆம் வசனம் முதல் 22ஆம் வசனம் வரை, வாசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு காரியத்தைத் திறந்த மனதோடு உங்களிடம் எழுதவேண்டியிருக்கிறது. சென்ற வாரம் சபைக் குழுவில் எழுந்த ஒரு பேச்சு, நான்கு நாளுக்குள் குன்னம் கடைத்தெரு வரைக்கும் போய், "ஐயர் காணிக்கைப் பணத்தில் கத்தி வாங்கச் சொல்கிறாராம்" என்ற வடிவத்தில் என் காதுக்கே திரும்பி வந்தது. செய்தி பொய்யல்ல. நான் கேட்டது கத்திதான். ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டால், அது கத்தியைவிடக் கூர்மையான வேறு கதையாகிவிடும்.

நம் சபையிலுள்ள ஒரு சகோதரரைப் பற்றியது இது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மக்காச்சோளக் கதிரடிப்பின்போது இயந்திரத்தின் வாயில் சிக்கி அவருடைய வலக்கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது. அந்நாள்களில் நாம் செய்ததையெல்லாம் நான் மறக்கவில்லை. மருத்துவமனையில் முறை வைத்து இரவு தங்கினோம். வைத்தியச் செலவுக்குத் தனிக் காணிக்கை எடுத்தோம். அன்று முதல் மாதந்தோறும் அவர் வீட்டுக்கு அரிசி போகிறது. கிறிஸ்துமஸுக்கு வேட்டியும் சேலையும் போகின்றன. அன்பின் விருந்தில் அவர் இலைக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து எலும்பிலிருந்து கறியைப் பிரித்துப் போடுகிறார். இவை எல்லாம் நல்லவை. அவர் இவற்றிற்காக ஒருமுறை சாட்சிநேரத்தில் எழுந்து நன்றியும் சொன்னார்.

குத்தகை நிலத்தை விட்டுவிட்ட பிறகு அவர் ஆடு வளர்க்கிறார். ஆட்டுக்காரனுக்குக் கத்தி என்பது சட்டைப்பையில் இருக்கும் இன்னொரு விரல். தழை கழிக்க, சணல் அறுக்க, சாக்கு வாய் பிரிக்க, காலில் ஏறிய முள்ளைக் கீறி எடுக்க, குட்டி ஈன்றால் தொப்புள்கொடியை அறுக்க என்று ஒரு நாளில் எத்தனை முறை அது வெளியே வரும் என்று அவரைக் கேட்டால் சிரிப்பார். அவரிடம் இருந்தது அவருடைய தகப்பனார் வைத்திருந்த பழைய மடக்குக்கத்தி. மரப்பிடி, மூன்று விரல் நீள அலகு, அலகின் மேல்விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம், சீமைக்கருவேலம் புதரில் அவருடைய சினையாடு கயிற்றோடு சுற்றிக்கொண்டது. ஆடு மிரண்டு இழுக்க இழுக்கக் கழுத்தில் சுருக்கு இறுகியது. அவர் ஓடிப்போய் இடக்கையால் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார். எடுத்துவிட்டு நின்றார். அந்தக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை பிடியைப் பற்ற வேண்டும். மற்றக் கையின் கட்டைவிரல் நகம் பள்ளத்தில் நுழைந்து, உள்ளே இருக்கும் வில்லின் இறுக்கத்தை மீறி அலகை வெளியே இழுக்க வேண்டும். அவர் பிடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினார், வழுக்கியது. அலகைப் பல்லால் கவ்வி இழுத்தார். அலகு சட்டென்று திறந்து கீழுதட்டைக் கிழித்தது. உதட்டு இரத்தத்தோடு கயிற்றை அறுத்தபோது ஆடு அசையவில்லை. வயிற்றில் இரண்டு குட்டிகள் இருந்தன.

மறுநாள் மாலை நான் போனபோது உதட்டில் மூன்று தையல் போட்டிருந்தார். ஜெபித்தேன். எழுந்திருக்கும்போது வழக்கம்போல, "வேறு ஏதாவது தேவையா, அண்ணே?" என்று கேட்டேன். வழக்கமாக "ஒண்ணுமில்லீங்க ஐயா" என்பார். அன்று சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அரிசி வருதுங்க ஐயா, கொறையில்ல. ஒத்தக் கையில தெறக்குற மாதிரி ஒரு கத்தி இருக்குதாமுல்ல. அது கெடச்சா போதும்."

மூன்று ஆண்டுகளாக நான் அவரிடம் "தேவையா" என்று கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொன்னது அன்றுதான்; அதை நான் காதுகொடுத்துக் கேட்டதும் அன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, என் வலக்கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு, சமையலறையில் இருந்த ஒரு பழைய பேனாக்கத்தியை இடக்கையால் திறக்க முயன்றேன். கால்மணி நேரம் ஆயிற்று. திறக்கவில்லை. கட்டைவிரல் நகம் உடைந்ததுதான் மிச்சம். என் மனைவி முதலில் சிரித்தார்கள்; பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு நாள் முழுக்க இப்படி இருந்து பாருங்கள்" என்றார்கள். மதியச் சாப்பாடு வரைக்குமே என்னால் இருக்க முடிந்தது.

ஒரு கையால் திறக்கும் மடக்குக்கத்தி என்பது மந்திரப் பொருள் அல்ல. அலகின் அடிப்பகுதியில் ஒரு சிறு குமிழோ, விரல்நுனி பதியும் அளவுக்கு ஒரு வட்டத் துளையோ இருக்கும், வேறுபாடு அவ்வளவுதான். பிடியை நான்கு விரல்நுனிகளால் ஒரு பக்கமாகத் தாங்கிக்கொண்டு, கட்டைவிரலைத் துளையில் வைத்துத் தள்ளினால் அலகு வெளியே வரும். நேராகத் தள்ளக்கூடாது; அரைவட்டமாக, கதவைத் திறப்பதுபோல் தள்ளவேண்டும். மற்ற விரல்கள் அலகு சுழன்று வரும் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. முழுவதும் திறந்ததும் உள்ளே இருக்கும் ஒரு தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். 'டிக்' என்ற சத்தம் கேட்கும். அலகில் துளையிடும் முறையை அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் தன் முதல் கத்தியில் கொண்டுவந்தது. அதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாக உலகம் முழுவதும் சட்டைப்பையில் கிடந்தவை பெரும்பாலும் நம் சகோதரருடைய தகப்பனாரின் கத்தியைப் போன்றவைதான். இரண்டு கையுள்ளவர்களுக்காக இரண்டு கையுள்ளவர்கள் செய்தவை.

திறப்பதைவிட மூடுவதுதான் ஆபத்தானது. இதை இளைஞர்கள் கவனித்து வாசியுங்கள். முட்டுக்கொடுக்கும் தகட்டை விரலால் விலக்கும்போது, அந்த விரல் அலகு திரும்பி வரும் வழியிலேயே நிற்கிறது. எனவே அலகைச் சிறிதளவு மட்டும் மடக்கி, உடனே விரலை வெளியே எடுத்துவிட்டு, பிறகு அலகின் முதுகைத் தொடையில் மெல்ல அழுத்தி மூடவேண்டும். திரைப்படங்களில் கத்தியைத் திறக்கிற காட்சியைத்தான் காட்டுகிறார்கள். மூடுகிற காட்சியை நான் பார்த்ததில்லை.

சபைக் குழுவில் எழுந்த முதல் ஆட்சேபம், ஆலயக் காணிக்கையில் ஆயுதம் வாங்கலாமா என்பது. வேதத்தில் பேனாக்கத்தி வரும் இடம் ஒன்று உண்டு. எரேமியா 36ஆம் அதிகாரம். பாருக்கு எழுதிய சுருளை அரண்மனையின் குளிர்கால அறையில் வாசிக்க வாசிக்க, யோயாக்கீம் ராஜா மூன்று நான்கு பத்திகளாக அதைக் கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டான். மூல எபிரெயத்தில் அது எழுத்தரின் கத்தி. நாணற்பேனாவைச் சீவவும் சுருளை அளவாக நறுக்கவும் எழுத்தர்கள் இடுப்பில் வைத்திருந்த சிறு கத்தி. நாமும் மடக்குக்கத்தியைப் பேனாக்கத்தி என்று சொல்வது அதே வேலையை வைத்துத்தான். தேவனுடைய வார்த்தையைக் கண்டதுண்டமாக்கிய கருவி என்று அதைச் சபித்துவிடலாம். ஆனால் அதே அதிகாரத்தின் முடிவில் பாருக்கு வேறொரு சுருளில் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறான். இன்னும் அநேக வார்த்தைகள் சேர்க்கப்படுகின்றன. அந்தப் பேனாவை அவன் எதைக் கொண்டு சீவியிருப்பான்?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. "ஒரு கையால் திறக்கிற கத்தி ரவுடியின் கத்தி. நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள்" என்று ஒரு மூப்பர் சொன்னார். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், அவனோடு படித்த பையன்களே சாதியின் பெயரால் வீடு புகுந்து வெட்டினார்கள். ஒரு முதியவரும் அந்த அதிர்ச்சியில் இறந்தார். அந்தச் செய்தி வந்த வாரம் நான் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தவேண்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அரசு நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. மூப்பரின் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் நாங்குநேரியில் ஓங்கப்பட்டது அரிவாள். நம் ஒவ்வொரு வீட்டுத் தாழ்வாரத்திலும் செருகி வைத்திருக்கிற அரிவாள். அதைக் குன்னத்திலிருந்து அகற்றவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்குக் கரும்புக்கும் தழைக்கும் நாம் எங்கே போவோம்? அந்தப் பையன்களின் கையில் அரிவாள் ஏறுவதற்கு முன்பே அவர்களுடைய வாயில் ஒரு சாதிப் பெயர் ஏறியிருந்தது. அதை அவர்களுக்குக் கொடுத்தது கொல்லன் பட்டறை அல்ல. நம் சபையிலேயே கல்லறைத் தோட்டத்தில் யார் எந்த வரிசை என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கும்போது, ஆட்டுக்காரருடைய மூன்று விரல் நீளக் கத்தியைப் பார்த்து நாம் நடுங்குவது எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றியும் கேட்டார்கள். நம் நாட்டின் ஆயுத விதிகள் உரிமத்திற்கு உட்படுத்துவது, அலகு 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள கத்தி வாள் முதலானவற்றை. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்திற்கும் தொழிலுக்குமாகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு இருக்கிறது. நான் கேட்பது 3 அங்குலத்திற்கும் குறைவான அலகு. பொத்தானை அழுத்தினால் வில் விசையால் தானே பாய்கிற கத்தியை நான் கேட்கவில்லை. அது வேறு ஜாதிப் பொருள், அதற்கு ஆட்டுப்பட்டியில் வேலையில்லை. பிற நாடுகளிலும் இந்தத் தயக்கம் இருந்திருக்கிறது. ஜெர்மனியில் 2008 முதல், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைப் பொதுவிடத்தில் கொண்டுதிரிவதற்குத் தடை உண்டு. தொழில் போன்ற நியாயமான தேவை இருந்தால் விலக்கும் அந்தச் சட்டத்திலேயே உண்டு. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து நாடான சுவிட்சர்லாந்து தன் படைவீரர்களின் சட்டைப்பைக் கத்தியை மாற்றியமைத்ததும் அதே 2008ஆம் ஆண்டு மாதிரியில்தான். புதிய கத்தியின் அலகில் ஒரு கையால் திறப்பதற்கான துளை இருந்தது. ஒரு தேசம் தெருவை நினைத்தது. மற்றொரு தேசம், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு மற்றொரு கை மட்டுமே மீதியிருக்கும் என்பதை நினைத்தது. இரண்டும் மனிதர்கள் நினைக்கவேண்டியவைதான். நம் சகோதரரை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதே கேள்வி.

மூன்றாவது ஆட்சேபம் ஆட்சேபம் போலவே இல்லை. அன்பைப் போலத் தோன்றியது. "அவருக்குக் கத்தி எதற்கு? பக்கத்தில் மகன் இருக்கிறான், நாம் எல்லாரும் இருக்கிறோம், ஒரு சத்தம் கொடுத்தால் வந்து அறுத்துக் கொடுக்கமாட்டோமா?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். எனக்கு அன்றிரவு உறக்கம் வராததற்குக் காரணம் இந்தக் கேள்விதான். இதற்குத்தான் முதலாம் சாமுவேல் 13.

இஸ்ரவேலிலே கொல்லன் இல்லாமற்போன காலத்தை அங்கே காண்கிறோம். எபிரெயர் பட்டயமோ ஈட்டியோ செய்துகொள்ளக்கூடாது என்று பெலிஸ்தர் கொல்லர்களை இல்லாமற்செய்தார்கள். அதனால் கலப்பைக்கொழுவையும் மண்வெட்டியையும் கோடரியையும் தீட்டுவதற்கு இஸ்ரவேலர் ஒவ்வொருவரும் பெலிஸ்தரிடம் இறங்கிப் போகவேண்டியிருந்தது. அடுத்த வசனத்தில் ஒரு சொல் வருகிறது: பீம். அதன் பொருள் நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. பழைய மொழிபெயர்ப்புகள் அரம் என்று எழுதின. பிறகு பாலஸ்தீன மண்ணிலிருந்து அந்தச் சொல் பொறித்த சிறு எடைக்கற்கள் கிடைத்தன. 8 கிராமுக்குச் சற்றுக் குறைவானவை. ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. அது கூலி என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு கொழுவைத் தீட்ட ஒரு பீம் வெள்ளி.

இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கிறவர்கள் பட்டயம் இல்லாத யுத்தத்தைப் பற்றியே பேசுகிறோம். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். இப்போது எனக்குக் கலப்பைதான் கண்ணில் படுகிறது. நிலம் தன்னுடையது, கலப்பை தன்னுடையது, கை தன்னுடையது. ஆனால் கூர் அடுத்தவனிடம். மழை பெய்த மறுநாள் உழவேண்டியவன், இறங்கிப் போய் அடுத்தவன் திண்ணையில் காத்திருக்கிறான். நாம் பெலிஸ்தர் அல்ல. நம் சகோதரரிடம் பீம் வாங்குவதில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் சத்தம் கொடுக்கவேண்டும், நாம் வரும்வரை நிற்கவேண்டும், வந்ததற்கு நன்றி சொல்லவேண்டும். அந்த மதியம் புதரின் அருகில் சத்தம் கொடுத்திருந்தால் நம்மில் யார் அங்கே இருந்தோம்?

நம் மேற்கே தெரியும் பச்சைமலையைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு குடும்பம் நினைவுக்கு வரும். ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரி தம்பதியர் கொல்லிமலையில் ஊழியம் செய்தார்கள். ஐந்து மலைகளுக்குச் சுவிசேஷம் போகவேண்டும் என்பது அவர்களுடைய பாரம். பச்சைமலை அவற்றில் ஒன்று. ஜெசி 1929இல் மலைக்காய்ச்சலில் மரித்தார். ஈவ்லின் அம்மையார் ஓய்வு வயதுக்குப் பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை. குதிரைமேல் ஊர் ஊராகப் போய், 1974இல் 95ஆம் வயதில் இளைப்பாறினார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். கட்டடத் தொழிலும் தச்சும் கற்ற பிறகே மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

குஷ்டரோகத்தால் விரல்கள் கூம்பிப்போன கைகளை யாரும் அறுவைசெய்யத் துணியாத நாள் அது. நரம்பு செத்துப்போவதால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வரமுடியாமல் போகிறது. ஒரு ஊசியையோ சாவியையோ கவ்வ முடியாது. ஆனால் முன்கையில் பலமாக இருக்கும் தசைகள் சில உண்டு என்று அவர் கண்டார். அவற்றில் ஒன்றின் நாணைத் திசைமாற்றிக் கட்டைவிரலில் இணைத்தார். அறுவை முடிந்தபின் நோயாளி புதிதாகப் பழகவேண்டும். மோதிரவிரலை மடக்கவேண்டும் என்று மனதில் நினைத்தால் கட்டைவிரல் அசையும். அப்படி வாரக்கணக்காகப் பழகித்தான் ஒருவர் மறுபடியும் ஒரு பொருளைக் கவ்வினார். ஒரு சிறு கத்தியை ஒரு கையால் திறப்பதற்குத் தேவையானதும் கட்டைவிரலின் இதே அசைவுதான்.

இந்த ஊழியத்தில் என்னை அதிகமாய்த் தைத்தது அறுவைசிகிச்சையின் வெற்றி அல்ல. அதற்குப் பின் நடந்தது. கை சரியானவர்களில் சிலர் மனமொடிந்து திரும்பி வந்தார்கள். விரல்கள் நிமிர்ந்துவிட்டதால் பார்த்தவர்களின் இரக்கம் குறைந்து பிச்சை குறைந்துவிட்டது. ரோகத்தின் தழும்பு இருந்ததால் வேலையும் யாரும் கொடுக்கவில்லை. கூம்பிய கைக்கு இருந்த வருமானம்கூட நிமிர்ந்த கைக்கு இல்லை! அங்கேதான் பிராண்ட் தன் தச்சுத்தொழிலை நினைத்தார். மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் எழுந்தது. அங்கே அவர்கள் மரவேலை கற்றார்கள், பொம்மைகள் செய்தார்கள். வலி தெரியாத கை காயப்படாதபடி கருவிகளின் பிடிகளையும் மாற்றிப் பார்த்தார்கள். மனிதனுக்காகக் கருவியின் பிடியை மாற்றுவது ஊழியம் என்று அந்த மருத்துவர் எண்ணினார். நம் குழுவில் நான் கேட்டது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

லூக்கா 6ஆம் அதிகாரத்தில் சூம்பின கையையுடைய மனிதனைப் பற்றி வாசிக்கிறோம். மத்தேயுவும் மாற்குவும் 'கை' என்றுமட்டும் எழுதிய இடத்தில், வைத்தியனாகிய லூக்கா 'வலது கை' என்று குறித்திருக்கிறார். வேலைசெய்கிற கை எது என்று கவனிப்பதும் ஆவிக்குரிய காரியம்தான். ஆண்டவர் அந்த மனிதனை நடுவே எழுந்து நிற்கச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார். அவனுக்காக அவனுடைய கையை வேறொருவர் தூக்கி நீட்டவில்லை. சுற்றியிருந்தவர்களுக்கோ அந்த நாளில் அந்தக் காரியம் செய்யலாமா கூடாதா என்பதே கவலையாயிருந்தது. நம் சபைக் குழுவின் கூட்டக் குறிப்பேட்டை வாசித்தால் அவர்கள் நமக்கு உறவினர்கள் என்று தோன்றும். (இதை எழுதியதற்காகச் செயலர் என்னை மன்னிப்பார், அவர் நடந்ததை நடந்தபடி எழுதுகிறவர்.)

ஒரு நடைமுறைச் செய்தி. எந்தக் கத்தியும் ஆகாது. இடக்கைக்கு ஏற்றது வேண்டும். கடையில் கிடைக்கும் கத்திகள் அநேகமாக வலக்கைக்காரருக்கென்றே செய்யப்பட்டவை. குமிழ் ஒரு பக்கம் மட்டுமே இருந்தால் இடக்கையின் கட்டைவிரல் அதை எட்டாது. துளை இருந்தால் இரு பக்கமும் ஒன்றுதான். முட்டுத்தகடும் அப்படியே; வலக்கையின் கட்டைவிரல் தள்ளும்படியான பக்கத்தில் அது இருப்பதால், இடக்கைக்காரர் சுட்டுவிரலால் இழுக்கவேண்டிவரும். இதையெல்லாம் பார்க்காமல், "கேட்டாரே, வாங்கிக் கொடுத்துவிட்டோம்" என்று எதையாவது வாங்கி நீட்டினால் அது மறுபடியும் நம் மனநிறைவுக்காகச் செய்த தர்மமாகவே முடியும். ஆகையால் வாங்கும்போது அவரும் கூடவே வந்து, தன் கையால் திறந்து மூடிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். திருச்சிக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்தே கேட்கிறேன்.

இடக்கை என்றதும் வேதம் அறிந்தவர்களுக்கு ஏகூத் நினைவுக்கு வருவான். குழுவிலும் ஒருவர் அவனைக் கொண்டுவந்து என்னை மடக்கப் பார்த்தார். நியாயாதிபதிகள் 3ஆம் அதிகாரம். வலது தொடையில் கட்டி மறைத்த கத்தியை இடக்கையால் உருவி மோவாபின் ராஜாவைக் குத்தியவன். "இதோ, வேதத்தில் ஒரு கையால் கத்தி உருவியவன் செய்த வேலை" என்றார் அந்தச் சகோதரர். சரியான அடிதான். அந்தக் கதையின் இரத்தத்தை நான் துடைத்து மறைக்கமாட்டேன். ஆனால் எபிரெயத்தில் அவனைப் பற்றிச் சொல்லியிருப்பது வலது கை கட்டுப்பட்டவன், அடைபட்டவன் என்ற பொருளுள்ள சொல். அவன் வலக்கை ஊனமானவன் என்றே கொள்ளும் உரையாசிரியர்களும் உண்டு. அவனுடைய கோத்திரமோ பென்யமீன். அந்தப் பெயருக்கு வலக்கையின் குமாரன் என்று பொருள். வலக்கையின் குமாரர்களுக்குள்ளே வலக்கை உதவாத ஒருவன். மோவாபிய ராஜாவின் காவலர்கள் அவனைச் சோதித்திருந்தால் வழக்கம்போல இடது தொடையைத் தடவியிருப்பார்கள். அவனிடமிருந்து ஒன்றும் வராது என்று எல்லாரும் எண்ணினார்கள். அவன் செய்ததை நம் சகோதரர் செய்யவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் கையைப் பற்றி மற்றவர்கள் எண்ணியதை நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியில் பார்த்து, மணிக்கட்டைச் சுண்டிக் கத்தியைத் திறந்துகாட்டும் விளையாட்டை இந்தச் சாக்கில் யாரும் தொடங்கவேண்டாம். இரண்டு கை உள்ளவனுக்கு அவசரமில்லாத நேரத்தில் இரண்டு கையால் திறப்பதே தகும். பெரியவர்களுக்கும் ஒன்று: நீரிழிவினால் விரல்நுனி மரத்துப்போனவர்கள் இந்த வகைக் கத்தியை வாங்கவேண்டாம். விரல் எங்கே இருக்கிறது என்று அலகுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வேலூரில் துருப்பிடித்த பூட்டொன்றை பிராண்டே திறக்க முடியாமல் நின்றபோது, ஒரு மெலிந்த சிறுவன் சாவியை முறுக்கித் திறந்துவிட்டான். அவனுக்குப் பலம் அதிகமல்ல; வலி இல்லை. விரல் எலும்பு வரைக்கும் கிழிந்திருந்ததை அவன் அறியவேயில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, நாம் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்கு அனுப்பும் அரிசிப்பையின் விலைக்கு அதிகம் ஆகாது. வேண்டுமானால் என் சொந்தப் பணத்தில் நாளைக்கே வாங்கிக் கொடுத்துவிடலாம். சிலர் அதையே ஆலோசனையாகவும் சொன்னார்கள், "சபைக் கணக்கில் 'கத்தி' என்று எழுதவேண்டாமே" என்று. நான் மறுத்ததற்கு அதுவே காரணம். அரிசி என்று எழுதத் தெரிந்த நம் கணக்குப் புத்தகத்தில் இதையும் எழுதவேண்டும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சபைக் குழு மறுபடியும் கூடுகிறது. எதிர்த்துப் பேசியவர்கள் தவறாமல் வாருங்கள். உங்களில் ஒருவரிடமும் எனக்கு வருத்தமில்லை, மூப்பரின் பயத்திற்குப் பதில் சொல்லிவிட்டதாகவும் நான் எண்ணவில்லை. சகோதரரையும் வரச்சொல்லி அழைத்தேன். அந்த நேரத்தில் ஏரிக்கரையில் ஆடு இருக்கும், விட்டுவிட்டு வரமுடியாது என்றார்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்.